ஏர்செல் – ஆர்காம் இணைப்பு முயற்சி

ஏர்செல் நிறுவனத்தையும், அனில் அம்பானி குழுமத்தைச் சேர்ந்த ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் (ஆர்காம்) நிறுவனத்தின் கைபேசிச் சேவைப் பிரிவையும் ஒன்றாக்குவதற்கான ஒப்பந்தம் 2016 செப்டம்பர் 14 அன்று அறிவிக்கப்பட்டது. ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலாக இழுபறியில் கிடந்து, 2017 அக்டோபர் 1 அன்று அது கைவிடப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ ஐந்து மாதங்களில் இரண்டு நிறுவனங்களின் சேவையும் முடிவுக்கு வந்தது. ஆர்காம் 2017 டிசம்பரில் குரல் அழைப்புச் சேவையை நிறுத்தியது. ஏர்செல் 2018 பிப்ரவரி 28 அன்று திவால் மனு அளித்தது.

இந்த வரிசையைப் பார்ப்பவர்களுக்கு, இணைப்பு நடந்திருந்தால் ஏர்செல் பிழைத்திருக்கும் என்று தோன்றுவது இயல்பு. இணைப்பு முறிந்தது, நிறுவனம் மூடப்பட்டது. ஆகவே முன்னது பின்னதற்குக் காரணம் என்று மனம் முடிச்சுப் போட்டுவிடுகிறது. ஆனால் இரு நிறுவனங்களின் கடன், அலைக்கற்றை, கோபுர ஒப்பந்தங்கள் ஆகியவற்றைப் பார்த்தாலும், அதே காலத்தில் உண்மையிலேயே இணைந்துவிட்ட வேறு இரு நிறுவனங்களுக்கு நேர்ந்ததைப் பார்த்தாலும், அந்த முடிச்சு தளர்ந்துவிடுகிறது. இந்த இணைப்பு எந்த நோய்க்கு மருந்தாகச் சொல்லப்பட்டதோ, அந்த நோயை அது தொடவே இல்லை.

தமிழ்நாட்டு நிறுவனமாக ஏர்செல்

இந்தியாவில் கைபேசிச் சேவை 1995இல் தொடங்கியது. அப்போது ஒவ்வொரு தொலைத்தொடர்பு வட்டத்திலும் இரண்டு தனியார் நிறுவனங்களுக்கு மட்டுமே உரிமம் தரப்பட்டது. சென்னை ஒரு தனி வட்டம்; தமிழ்நாட்டின் ஏனைய பகுதிகள் மற்றொரு வட்டம். சென்னையில் ஆர்பிஜி செல்லுலார், ஸ்கைசெல் ஆகியவை சேவை அளித்தன.

1980களில் மலிவு விலைக் கணினிகளை விற்று அறியப்பட்ட தொழிலதிபர் சி. சிவசங்கரன், தமிழ்நாடு வட்டத்தில் 1999இல் ஏர்செல் சேவையைக் கொண்டுவந்தார். அதே ஆண்டில் வந்த புதிய தொலைத்தொடர்புக் கொள்கை, உரிமக் கட்டணத்தை வருவாய்ப் பங்காக மாற்றியதால் நிறுவனங்களுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. 2003இல் ஏர்செல் ஆர்பிஜி செல்லுலாரை வாங்கியது. இதன்மூலம் சென்னையிலும் கால் ஊன்றி, மாநிலம் முழுவதற்குமான நிறுவனம் ஆனது. 2005இல் அரசும் சென்னை, தமிழ்நாடு வட்டங்களை ஒன்றாக்கியது.

ஆர்பிஜியை வாங்கியது நல்ல விதமான சேர்க்கைக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் வாங்கினார், மற்றவர் விலகிக்கொண்டார். யார் முடிவெடுப்பது என்ற கேள்வியே எழவில்லை. இரு நிறுவனங்களின் வட்டங்களும் வெவ்வேறு. ஒன்றன்மேல் ஒன்று படியவில்லை. பின்னாளைய இணைப்பில் இந்த இரண்டு வசதிகளும் இல்லை.

சிறு நகரங்களிலும் கிராமங்களிலும் ஏர்செல்லின் செல்வாக்கு அதிகமாக இருந்தது. ‘ரேட் கட்டர்’ ரீசார்ஜ், ‘பாக்கெட் இன்டர்நெட்’ போன்ற மலிவுத் திட்டங்கள் மாணவர்களிடமும் சிறு வியாபாரிகளிடமும் பரவின. 2008இல் தொடங்கிய ஐபிஎல் போட்டிகளில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் மஞ்சள் சட்டையில் ஏர்செல் பெயர் இருந்தது. சென்னை ஓப்பன் டென்னிஸ் போட்டி 2010 முதல் அதன் பெயரிலேயே நடந்தது.

விரிவாக்கமும் கடனும்

2005 டிசம்பர் இறுதியில் மலேசியாவின் மேக்சிஸ் நிறுவனம் ஏர்செல்லின் 74 விழுக்காட்டுப் பங்குகளை வாங்க ஒப்பந்தம் செய்தது; 2006இல் கைமாற்றம் நிறைவேறியது. மேக்சிஸின் உரிமையாளர் ஆனந்த கிருஷ்ணன், யாழ்ப்பாணத் தமிழ்ப் பெற்றோருக்குக் கோலாலம்பூரில் பிறந்தவர். (இந்த விற்பனை தொடர்பாகப் பின்னர் எழுந்த வழக்கு தனி வரலாறு. அதில் குற்றம் சாட்டப்பட்ட முன்னாள் தொலைத்தொடர்பு அமைச்சர் தயாநிதி மாறன் உள்ளிட்டோரைச் சிறப்பு நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் விடுவித்தது.)

புதிய உரிமையாளரிடம் வந்த ஏர்செல், நாடு தழுவிய நிறுவனமாக வேண்டும் என்று முடிவெடுத்தது. அப்போது அது தவறான முடிவாக யாருக்கும் தெரிந்திருக்காது. இந்தியாவில் ஒவ்வொரு மாதமும் லட்சக்கணக்கில் புதிய இணைப்புகள் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் ஏர்டெல், வோடபோன், ஐடியா, ரிலையன்ஸ் ஆகியவை ஏற்கெனவே வேரூன்றிவிட்ட வட்டங்களில் கடைசி ஆளாக நுழைவதற்கு அதிக விலை கொடுக்க வேண்டியிருந்தது. 2010 மே மாதம் நடந்த 3ஜி ஏலத்தில் 13 வட்டங்களுக்கான அலைக்கற்றையை ஏறத்தாழ 6,500 கோடி ரூபாய்க்கு ஏர்செல் எடுத்தது. தொடர்ந்து நடந்த அகலக்கற்றை ஏலத்தில் 8 வட்டங்களுக்கு மேலும் 3,400 கோடிக்கு மேல் செலவிட்டது.

ஏலத்துக்குச் சில மாதங்களுக்கு முன், 2010 ஜனவரியில், தன்னிடம் இருந்த சுமார் 17,500 கோபுரங்களை ஜிடிஎல் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் குழுமத்துக்கு ஏறத்தாழ 8,400 கோடி ரூபாய்க்கு விற்க ஒப்புக்கொண்டது. சொந்த வீட்டை விற்று, அதே வீட்டில் வாடகைக்கு இருப்பது போன்ற ஏற்பாடு இது. கையில் பணம் வந்தது. மாதந்தோறும் வாடகை கட்ட வேண்டிய பொறுப்பும் வந்தது. அந்த வாடகைப் பாக்கியின் கதை எட்டு ஆண்டுகள் கழித்துத் தமிழ்நாட்டில் முடிந்தது.

2016 ஏப்ரலில், ஏலத்தில் வாங்கிய 4ஜி அலைக்கற்றையைத் தமிழ்நாடு உள்ளிட்ட 8 வட்டங்களில் ஏர்டெல்லுக்கு 3,500 கோடி ரூபாய்க்கு விற்க ஒப்புக்கொண்டது. 4ஜி தொடங்க வேண்டிய நேரத்தில் 4ஜி அலைக்கற்றையை விற்ற நிறுவனம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அதே ஆண்டு செப்டம்பர் 5 அன்று முகேஷ் அம்பானியின் ரிலையன்ஸ் ஜியோ, இலவசக் குரல் அழைப்பு, இலவசத் தரவு என்ற அறிவிப்புடன் சந்தைக்கு வந்தது. ஏர்செல் – ஆர்காம் இணைப்பு அறிவிக்கப்பட்டது அதிலிருந்து 9ஆம் நாள்.

ஒப்பந்தம்

புதிய நிறுவனத்தில் ஆர்காமுக்கும் மேக்சிஸுக்கும் சரிபாதிப் பங்கு. இயக்குநர் குழுவிலும் சம இடம். ஆர்காம் தன் கடனில் 20,000 கோடி ரூபாய் குறையும் என்றும், ஏர்செல் தன் கடனில் 4,000 கோடி குறையும் என்றும் அறிவித்தன. இருவரும் தலைக்கு 14,000 கோடியாக 28,000 கோடி ரூபாய்க் கடன் புதிய நிறுவனத்தின் கணக்கில் ஏறும். அறிவிப்பில் இருந்த ‘கடன் குறைப்பு’ என்ற சொல்லை இந்த இடத்தில் நிதானமாகப் படிக்க வேண்டும். கடனில் பெரும்பகுதி ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாறியது. வட்டி நின்றுவிடவில்லை.

ஆர்காம் இதற்கு முன்னும் பல இணைப்புகளை அறிவித்த நிறுவனம். 2008இல் தென்னாப்பிரிக்காவின் எம்டிஎன் நிறுவனத்துடன் பேசி அது முறிந்தது. 2010 ஜூனில் தன் கோபுரங்களை ஜிடிஎல் இன்ஃப்ராவின் கோபுரங்களுடன் இணைப்பதாக அறிவித்தது. அதாவது, ஏர்செல் விற்ற கோபுரங்களை வாங்கிய அதே நிறுவனத்துடன். செப்டம்பரில் அதுவும் கைவிடப்பட்டது. 2015 நவம்பரில் எம்டிஎஸ் என்ற பெயரில் சேவை அளித்த சிஸ்டமா ஷியாம் நிறுவனத்தைச் சேர்த்துக்கொள்ள ஒப்பந்தம் செய்தது. அது நிறைவேறியது 2017 அக்டோபர் இறுதியில், ஆர்காம் கடையைச் சாத்துவதற்கு ஒரு மாதம் முன்பு.

கூட்டல் ஏன் பொய்த்திருக்கும்

இணைப்பு அறிவிப்புகள் எல்லாமே கூட்டல் கணக்கில்தான் தொடங்கும். அவரிடம் இத்தனை கோடி வாடிக்கையாளர்கள், இவரிடம் இத்தனை கோடி. இரண்டும் சேர்ந்தால் நாட்டின் பெரிய நிறுவனங்களில் ஒன்று. ஆனால் இந்தியச் சந்தையில் இரண்டு சிம் போடும் கைபேசி சாதாரணம். ஒரு சிம் பேசுவதற்கு, இன்னொன்று சலுகைக்கு. இரண்டு சிறிய நிறுவனங்களின் சிம்கள் ஒரே கைபேசிக்குள் இருந்தால், புள்ளிவிவரத்தில் அவை இரண்டு வாடிக்கையாளர்கள். நிறுவனங்கள் ஒன்றான பிறகு அந்த மனிதருக்கு இரண்டாவது சிம் எதற்கு? அவர் ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஜியோ சிம்மைப் போடுவார். சேர்த்தால் கூட வேண்டிய எண்ணிக்கை, சேர்த்த காரணத்தாலேயே குறையும்.

அடுத்தது கோபுரம். சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில், பெரம்பலூருக்கும் திருச்சிக்கும் இடையில் உள்ள பாடாலூரை எடுத்துக்கொள்ளலாம். நெடுஞ்சாலையில் பயணம் செய்பவரின் அழைப்பு அறுபடக் கூடாது என்பதால் எந்த நிறுவனமும் இப்படிப்பட்ட ஊரை விட்டுவிட முடியாது. ஊரில் இரண்டு கோபுரங்கள் இருப்பதாகவும், ஒன்றில் ஏர்செல் கருவியும் மற்றொன்றில் ஆர்காம் கருவியும் பொருத்தப்பட்டிருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். இணைந்த பிறகு ஒன்று போதும். அங்கேதான் சேமிப்பு என்று அறிவிப்பு சொல்லும். ஆனால் கோபுர வாடகை ஒப்பந்தங்கள் பல ஆண்டுகளுக்கானவை. இடையில் விலகினால் இழப்பீடு கட்ட வேண்டும். கருவியைக் கழற்றி, அலைவரிசையை மாற்றி அமைத்து, அழைப்பு விழாத இடங்களைச் சரிசெய்யும் வரை இரண்டு வாடகையும் ஓடும். சேமிப்பு வருவதற்கு முன் செலவு வந்துவிடுகிறது. பணம் உள்ள நிறுவனம் அதைத் தாங்கும். கடன் தவணைக்கே தடுமாறும் நிறுவனம் எதிலிருந்து கொடுக்கும்? அது போக, சேமிப்பு என்பது வேறொருவருக்கு இழப்பு. ஒரு வாடகைதாரரை இழக்கும் கோபுர நிறுவனமும் வங்கிக் கடனில்தான் நிற்கிறது.

பெரம்பலூர், அரியலூர் பகுதி மக்கள் வேறு வகையான இணைப்பு ஒன்றை அறிவார்கள். பெரம்பலூரிலிருந்து 2001 ஜனவரியில் பிரிக்கப்பட்ட அரியலூர் மாவட்டம் 2002இல் மீண்டும் அதனுடன் சேர்க்கப்பட்டது. 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டம் ஆனது. அலுவலகங்களும் கோப்புகளும் போய் வந்தன என்றாலும், பிரித்தவரும் சேர்த்தவரும் ஒரே அரசு என்பதால் அது முடிந்தது. இரண்டு நிறுவனங்களின் கடனும் உரிமங்களும் ஒருமுறை கலந்துவிட்டால், சரிவரவில்லை என்று ஆறு ஆண்டுகள் கழித்துப் பிரித்துக்கொள்ள வழியில்லை.

மூன்றாவது, அலைக்கற்றை. இந்தியாவில் உரிமம் 22 வட்டங்களாகப் பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொரு வட்டத்திலும் ஒவ்வொரு அலைவரிசைக்கும் காலாவதி நாள் வேறு. 2014இல் அரசு வெளியிட்ட இணைப்பு விதிகளின்படி, ஏலம் இல்லாமல் பழைய முறையில் பெற்ற அலைக்கற்றையைப் புதிய நிறுவனத்துக்குக் கொண்டுபோக வேண்டுமானால், குறிப்பிட்ட அளவுக்கு மேல் சந்தை விலைக்கான வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். ஆர்காமின் நிலை இன்னும் சிக்கலானது. அது சிடிஎம்ஏ தொழில்நுட்பத்தில் தொடங்கி, பின்னர் ஜிஎஸ்எம்முக்கும் வந்த நிறுவனம். சிடிஎம்ஏ ஓடிய 850 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை 2016இல் ஜியோவுடன் பகிர்ந்துகொண்டது. அதன் 4ஜி வாடிக்கையாளர்கள் ஜியோவின் வலையமைப்பில்தான் ஓடினார்கள். ஏர்செல்லோ 4ஜி அலைக்கற்றையை விற்றுவிட்டது. ஆக, இரண்டும் சேர்ந்து எதிர்த்து நிற்கப் புறப்பட்டது யாரையோ, அவரிடமே 4ஜிக்குக் கை நீட்ட வேண்டிய நிலை. வாடிக்கையாளர்கள் ஜியோவுக்குப் போனதற்குக் காரணம் 4ஜியும் விலையும். இணைப்பு இரண்டில் எதையும் தரவில்லை.

தொழில்நுட்பம் ஒத்துப்போகாத இணைப்பின் விலையை அமெரிக்கா முன்பே பார்த்திருந்தது. 2005இல் ஸ்பிரிண்ட் நிறுவனம் ஏறத்தாழ 3,500 கோடி டாலருக்கு நெக்ஸ்டெலுடன் இணைந்தது. ஒன்று சிடிஎம்ஏ, மற்றொன்று ஐடென் என்ற வேறு தொழில்நுட்பம். ஒன்றின் கைபேசி மற்றதன் வலையமைப்பில் வேலை செய்யாது. பெயர்ப் பலகை ஒன்றானது. கோபுரங்கள் இரண்டு வகையாகவே எட்டு ஆண்டுகள் நின்றன. 2008 தொடக்கத்தில் கிட்டத்தட்ட 3,000 கோடி டாலர் மதிப்பைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டி வந்தது. ஐடென் வலையமைப்பு 2013 ஜூன் 30 அன்று அணைக்கப்பட்டது.

காத்திருந்த ஓராண்டு

இணைப்பு முயற்சி செய்த மிகப் பெரிய கேடு, அது முறிந்ததால் வந்தது என்று சொல்வதைவிட, அது வரும் வரும் என்று காத்திருந்ததால் வந்தது என்று சொல்வதே பொருந்தும்.

ஒப்பந்தத்துக்குப் பங்குதாரர், கடன் கொடுத்தவர், பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம், போட்டி ஆணையம், நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம், தொலைத்தொடர்புத் துறை எனப் பல வாசல்களில் ஒப்புதல் வேண்டும். 2017 ஜனவரியில், மலேசிய உரிமையாளர்கள் நீதிமன்றத்தில் முன்னிலையாகாததை அடுத்து, ஏர்செல்லின் 2ஜி அலைக்கற்றை கைமாறுவதைத் தடுக்கப்போவதாக உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, தொலைத்தொடர்புத் துறைக் கடன்களை எச்சரிக்கையோடு பார்க்கும்படி வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. ஜூனில் ஆர்காமின் வங்கிகள் கடன் தவணைக்கு டிசம்பர் வரை அவகாசம் தந்தன. ஏர்செல் இணைப்பும், கோபுரங்களைக் கனடாவின் புரூக்ஃபீல்டுக்கு 11,000 கோடி ரூபாய்க்கு விற்பதும் நடக்கும் என்ற நம்பிக்கையில் தரப்பட்ட அவகாசம் அது. ஒன்று இன்னொன்றின் தோளில் நின்றது. ஆர்காமிடம் பணம் பெற வேண்டிய எரிக்சன் நிறுவனம் செப்டம்பரில் தீர்ப்பாயத்துக்குப் போனது.

இந்த ஓராண்டில் இரு நிறுவனங்களும் என்ன முதலீடு செய்திருக்க முடியும்? நாளை வேறொருவருடன் பொதுவாகப் போகிற வலையமைப்பில் இன்று புதிய கருவி வாங்க யாருக்கும் மனம் வராது. புதிய திட்டம், புதிய விளம்பரம், புதிய ஆள் எல்லாம் ‘இணைந்த பிறகு’ என்று தள்ளிப்போகும். திறமையான ஊழியர்கள் முதலில் வெளியேறுவார்கள். ஜியோ நாள்தோறும் புதிய வாடிக்கையாளர்களை எடுத்துக்கொண்டிருந்த ஆண்டில், ஒரு நிறுவனத்துக்கு இதைவிட விலையுயர்ந்த காத்திருப்பு இருக்க முடியாது.

2017 அக்டோபர் 1 அன்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டு ஒப்பந்தத்தை விட்டன. சட்ட, ஒழுங்குமுறைச் சிக்கல்களையும், கடும் போட்டியையும், வங்கிகளுக்கு வந்த புதிய கட்டுப்பாடுகளையும் ஆர்காம் காரணமாகச் சொன்னது. அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் மற்றொன்றின் வாடிக்கையாளரை அழைக்கும்போது அந்த மற்ற நிறுவனத்துக்குத் தர வேண்டிய இணைப்புக் கட்டணத்தை டிராய் நிமிடத்துக்கு 14 காசிலிருந்து 6 காசாகக் குறைத்தது. வெளியே இருந்து வரும் அழைப்புகளால் வருமானம் பார்த்த பழைய நிறுவனங்களுக்கு அது நேரடி இழப்பு.

2018 பிப்ரவரி

ஏர்செல் 2018 ஜனவரி இறுதியில் குஜராத், மகாராஷ்டிரம், ஹரியானா, இமாச்சலப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் மேற்கு ஆகிய 6 வட்டங்களில் சேவையை நிறுத்தியது. தமிழ்நாட்டில் நிறுத்த அறிவிப்பு எதுவும் வரவில்லை. பிப்ரவரி பிற்பகுதியில், கோபுர நிறுவனத்துடனான பாக்கித் தகராறில் மாநிலம் முழுவதும் ஏர்செல் கோபுரங்கள் அணைந்தன. கைபேசியில் சிக்னல் கோடுகள் மறைந்தன.

எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்குப் போகும் வசதி 2011 ஜனவரியிலிருந்தே நாடெங்கும் உண்டு. ஆனால் அதற்கு அந்தச் சிம்மிலிருந்தே 1900 என்ற எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, வரும் குறியீட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சிக்னலே இல்லாத சிம்மிலிருந்து குறுஞ்செய்தி எப்படிப் போகும்? சிக்னல் விட்டுவிட்டு வந்த இடங்களைத் தேடி மக்கள் அலைந்தார்கள். ஏர்செல் அலுவலகங்களின் முன் கூட்டம் திரண்டது. அப்போது வங்கியின் ஓடிபி, எரிவாயு உருளைப் பதிவு, ஆதார் எல்லாம் கைபேசி எண்ணோடு பிணைக்கப்பட்டிருந்தன. எண் போனால் பேச்சோடு நிற்காது, வங்கிக் கணக்கையும் தொட முடியாது. டிராய் தலையிட்ட பிறகு, குறியீட்டைப் பெற மாற்று வழிகள் ஏற்படுத்தப்பட்டு, ஏப்ரல் 15 வரை அவகாசம் கிடைத்தது.

ரீசார்ஜ் கடைக்காரர்கள் முன்பணம் கட்டி வாங்கிய டாப்-அப் இருப்பு அவர்கள் கையிலேயே நின்றது. இத்தகைய இழப்புகள் 2016 அறிவிப்பின் கோடிக் கணக்குகளில் எங்கும் இடம்பெறாதவை. மறுமுனையில், ஆனந்த கிருஷ்ணனின் இழப்பு சுமார் 700 கோடி டாலர் என்று அக்காலச் செய்திகள் மதிப்பிட்டன.

இணைந்தவர்களின் கதை

இணைப்பு நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஊகிக்க, அதே ஆண்டுகளில் இணைந்த வோடபோன் இந்தியாவும் ஐடியாவும் உதவுகின்றன. இவை ஏர்செல்லையும் ஆர்காமையும்விடப் பலமடங்கு வலுவானவை. 2017 மார்ச் 20 அன்று அறிவித்து, 2018 ஆகஸ்ட் 31 அன்று இணைப்பை முடித்தன. அன்று 40 கோடிக்கும் அதிகமான வாடிக்கையாளர்களுடன் நாட்டின் முதல் நிறுவனம். கோபுர மிச்சம், அலுவலக மிச்சம் என்று ஆண்டுக்கு 14,000 கோடி ரூபாய் வரை சேமிக்கலாம் என்று அறிவித்திருந்தனர்.

ஏறத்தாழ அடுத்த இரண்டு ஆண்டுகள் இரண்டு வலையமைப்புகளை ஒன்றாக்குவதிலேயே கழிந்தன. அந்த நேரத்தில் ஜியோவும் ஏர்டெல்லும் 4ஜியை ஊர் ஊராக விரித்தன. இரண்டாவது சிம்மை மக்கள் கழற்றினார்கள். 2019 அக்டோபர் 24 அன்று, சரிசெய்யப்பட்ட மொத்த வருவாய் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. நிறுவனங்கள் பழைய ஆண்டுகளுக்கும் உரிமக் கட்டணப் பாக்கி கட்ட வேண்டும் என்றானபோது, இரு நிறுவனங்களின் பாக்கியும் ஒரே நிறுவனத்தின் தலையில் விழுந்தது. அந்தத் தீர்ப்பின் பாக்கிக்காகக் கணக்கில் ஒதுக்கியதால், 2019 செப்டம்பருடன் முடிந்த காலாண்டில் வோடபோன் ஐடியாவின் இழப்பு 50,921 கோடி ரூபாய். இந்திய நிறுவனம் ஒன்று அதுவரை கண்டிராத காலாண்டு இழப்பு. 2025இல் அதன் வாடிக்கையாளர்கள் சுமார் 20 கோடி. கட்ட முடியாத பாக்கியைப் பங்குகளாக மாற்றிக்கொண்ட மத்திய அரசின் கையில் இன்று ஏறத்தாழ 49 விழுக்காடு இருக்கிறது.

தீர்ப்பின் அடியை இணைப்பின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. ஏர்டெல்லும் அதே தீர்ப்பால் அடிபட்டது. வேறுபாடு, அடி விழுந்தபோது யார் எந்த நிலையில் இருந்தார்கள் என்பதில்தான். ஏர்டெல் இந்த ஆண்டுகளில் டெலினாரின் இந்தியச் சேவையையும் டாடா டெலிசர்வீசஸின் கைபேசிப் பிரிவையும் எடுத்துக்கொண்டது. வாடிக்கையாளரும் அலைக்கற்றையும் வந்தன; டாடாவின் பழைய கடன் பெரும்பாலும் டாடாவிடமே நின்றது. ஒரு நிறுவனம் எடுத்துக்கொள்ள, மற்றது விலகிக்கொள்ளும் ஏற்பாடு. 2003இல் ஏர்செல் செய்ததும் இதைத்தான்.

கைகூடாததால் தனித்து நின்றவை

ஏர்டெல்லுக்கும் கைகூடாத இணைப்பு ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவின் எம்டிஎன் நிறுவனத்துடன் 2008இல் ஒருமுறை பேசி முறிந்தது. 2009 மே மாதம் மீண்டும் பேச்சு தொடங்கியது. 2,300 கோடி டாலருக்கு மேற்பட்ட மதிப்புள்ள பேரம். இரு நாட்டுப் பங்குச் சந்தைகளிலும் பட்டியலிட வேண்டும் என்று தென்னாப்பிரிக்க அரசு விரும்பியது. இந்தியச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. செப்டம்பர் 30 அன்று பேச்சு முடிந்தது. அன்று அது பெரிய தோல்வியாக எழுதப்பட்டது. மறு ஆண்டு ஏர்டெல், ஜெயின் நிறுவனத்தின் ஆப்பிரிக்கச் சேவைகளை 1,070 கோடி டாலருக்கு வாங்கியது. வாங்கிய பிறகு பல ஆண்டுகள் அங்கே நட்டம்தான். ஆனாலும் அந்த நட்டத்தைச் சரிசெய்ய வேறு யாரிடமும் இயக்குநர் குழுவில் வாக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை. எம்டிஎன் ஆப்பிரிக்காவின் பெரிய நிறுவனமாகத் தனித்தே இருக்கிறது. இரண்டும் இன்றும் இயங்குகின்றன.

அரசு நிறுவனங்களிலும் இதற்கு இணையான நிகழ்வு உண்டு. டெல்லி, மும்பை நகரங்களுக்கான எம்டிஎன்எல் நிறுவனத்தை பிஎஸ்என்எல்லுடன் இணைக்க 2019 அக்டோபரில் மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. ஆனால் எம்டிஎன்எல்லின் பெருங்கடனைக் காரணம் காட்டி இணைப்பு தள்ளிவைக்கப்பட்டது. அதற்குப் பதிலாக ஒரு சேவை ஒப்பந்தம் போடப்பட்டு, 2025 ஜனவரி 1 முதல் டெல்லி, மும்பை வலையமைப்புகளை பிஎஸ்என்எல் நடத்துகிறது. வேலை சேர்ந்தது, கடன் சேரவில்லை. 2016இல் ஏர்செல்லும் ஆர்காமும் இதைத் தலைகீழாகச் செய்யப் பார்த்தன.

ஏர்செல்லின் எஞ்சிய சொத்துகள் திவால் தீர்ப்பாயத்துக்குப் போயின. அலைக்கற்றை யாருடையது, நிறுவனத்தின் சொத்தா அரசின் உடைமையா என்ற கேள்வி அங்கிருந்து மேல்நீதிமன்றங்கள் வரை நடந்தது. எண்கள் மட்டும் தப்பின. 98420 முதல் 98429 வரை தொடங்கும் எண்கள் தமிழ்நாடு வட்டத்தில் ஏர்செல்லுக்கு ஒதுக்கப்பட்டவை, 9841 சென்னைக்குரியது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் பழைய கடைகளின் பெயர்ப் பலகைகளில் இந்த எண்களை இன்னும் பார்க்கலாம். அழைத்தால் ஏர்டெல் வழியாகவோ ஜியோ வழியாகவோ மணி அடிக்கிறது.